மூன்றாவது வரிக்கு விளக்கம்

கூட்டம் ஆரம்பிக்கவே ஐந்தரை ஆகிவிட்டது.
தருமபுரி நூலகத்து மாடி.
ஓடாத ஒரு மின்விசிறி, ஓடி இரையும் இன்னொன்று.
எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம்.
பதினோரு வரிதான் வைத்திருந்தேன்.

மூன்றாவது வரி இது:
"சிரிப்பு வந்தால் கை முந்திக்கொள்ளும் ஊர்."

பேராசிரியர் சென்னகேசவன் எழுந்தார்.
கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.
"அம்மா, இந்தக் கைக்கு என்ன பொருள்?
நாணமா? அடக்குமுறையா?
எழுதியவரே சொல்லிவிட்டால் நமக்கு வசதி."

வசதி செய்து கொடுக்கிற வேலைதான் எனக்கு.
குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடம்.
கேனில் வரும் தண்ணீரில் நாலு சொட்டு மருந்து விடுவேன்.
இளஞ்சிவப்பு மெல்ல மஞ்சளாகும்.
எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு புளோரைடு.
அவசரப்பட்டுப் பார்த்தால் பொய் சொல்லும்.
கேனில் 'தண்ணீர்' என்று மட்டும் எழுதி வந்தால்
திருப்பி அனுப்பிவிடுவேன்:
எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம்,
யார் இறைத்தது, எத்தனை மணிக்கு.
கவிதைக்கும் எனக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான்.

அறிக்கை எழுதுவேன். கையெழுத்துப் போடுவேன்.
ஆள் போய் அந்தப் பம்புக்குச் சிவப்பு அடித்துவிட்டு வருவார்.
சிவப்பென்றால் குடிக்காதே.
அதைவிடத் தெளிவாக ஒரு வரி
இந்த மாவட்டத்தில் எவரும் எழுதியதில்லை.
ஒருநாள் அந்த வழியே போனேன்.
சிவப்புக்கு அடியில் ஒன்பது குடங்கள், வரிசையில்.
"தெரியும்க்கா" என்றாள் ஒருத்தி,
பம்பை அடித்தபடியே.

இருந்தும் அன்றைக்கு விளக்கினேன்.
பல்லில் ஏறும் பழுப்பு, தேய்த்தாலும் போகாத கறை,
பெண் பார்க்க வந்தவர்கள் காபியோடு எழுந்து போனது,
போட்டோக்காரர் "வாயை மூடிச் சிரிங்க" என்பது,
லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்,
ஒன்றியவாரியாக.
என் குரல் அலுவலகக் குரலாக மாறுவது
எனக்கே கேட்டது.

கவிதை வாசித்தபோது
மூன்றாம் வரிசையில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்திருந்தாள்.
இப்போது பார்க்கிறேன்.
அவள் கை வாய்க்குப் போகிறது.

பேராசிரியர் "அருமை" என்றார். கைதட்டினார்கள்.
எனக்கு டீ இறங்கவில்லை.
பதினோரு வரி திறந்துவிட்ட வாயை
பத்து நிமிடத்தில் நானே மூடிவிட்டேன்.

கடைசி மாரண்டஅள்ளி வண்டி.
பக்கத்து இருக்கையில் அதே பெண்.
கையில் ஒரு சான்றிதழ்,
மடியில், கட்டுரைப் போட்டியில்
இரண்டாம் பரிசு வாங்கிய மகளின் தலை.
பேர் மாதம்மா.
பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறாளாம்.
மன்னிப்பை எங்கிருந்து தொடங்குவதென்று
புலிக்கரை வரைக்கும் யோசித்தேன்.

"நான் அங்க பேசினது உங்களை..."

"அய்யோ, கொட்டாவிங்க அது.
காலையில நாலு மணிக்கு மண்டிக்குப் போனவ நான்.
நீங்க பாட்டுக்கு நம்பரா சொல்லிக்கிட்டே போனீங்க."

பிறகு மகள் தூங்குகிறாளா என்று குனிந்து பார்த்து,
குரலைத் தணித்தாள்.

"எங்க மாமனார் செத்தப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சிங்க.
நடுவீட்டுல, அத்தனை சனம்.
முந்தானைய இழுக்க நேரமில்ல, கைதான் முந்துச்சி.
அழறேன்னு நெனச்சி நாலு பேரு தேத்துனாங்க.
இருபது வருசமா யாருக்கும் தெரியாது.
அதைத்தானே எழுதியிருக்கீங்க?
உங்களுக்கு யாரு சொன்னது?"

இல்லை என்பதுதான் சரியான அறிக்கை.
கையெழுத்துப் போடத் தயாராக
உதடு வரை வந்தது.

"யாரும் சொல்லலைங்க" என்றேன்.

நடத்துனர் உள்விளக்கை அணைத்தார்.
பக்கத்தில் அவள் சிரிப்பது கேட்டது.
கை எங்கே இருந்ததென்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.