பல்லில் கேட்டது

காலை ஐந்தேகால்.
சாவியைத் திருப்பியதும் தொடங்கிவிடுகிறது.
லொடலொட என்றேன் நான்.
கடகட என்றாள் மனைவி, சன்னலைத் திறக்காமலே.
எதிர்வீட்டு எலியேசர்
காற்றுக்கு முதுகு கொடுத்து நின்று
இரண்டும் இல்லை, கறகற என்று தீர்ப்புச் சொன்னார்.
கறகற என்றால் ஆல்டர்னேட்டர்தான்.
அவருடைய மைத்துனர் வண்டியிலும் அப்படித்தானாம்.

புந்தா அரேனாஸில் எந்த ஒலியும்
காற்றைத் தாண்டித்தான் காதுக்கு வர வேண்டும்.
தகரக் கூரைகள் ஒரு பக்கம் பேசும்,
நீரிணைப் பக்கம் நங்கூரச் சங்கிலிகள்.
நடுவில் என் பதினெட்டு வயதுக் கார்
கிடுகிடுவென்று பல்லடித்து நிற்கிறது.
சால்மன் ஆலைக்குப் போகும் நாலு பேர்
அதற்குள் உட்கார்ந்து
என் பிடரியைப் பார்க்கிறார்கள்.

பழைய இரும்புக் கடையில்
எண்பதாயிரம் பேசோ எண்ணிக் கொடுத்து
செத்த காரொன்றின் ஆல்டர்னேட்டரைப்
பிடுங்கி வந்தேன்.
சனிக்கிழமை முழுக்க முழங்கால் சரளைக்கல்லில்.
விரல் முட்டியில் தோல் போனது.
மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால்
அதே குரல்,
ஓரெழுத்துப் பிசகாமல்.

எலியேசர் அன்று வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோல்ஃபா வந்தாள்,
மனைவியின் தங்கை.
இழுவைப் படகின் எஞ்சின் அறையில் பதினோரு வருடம்.
சின்ன வயதில் வந்த சீழ்
இரண்டு காதையும் முக்கால்வாசி அடைத்துவிட்டுப் போயிருந்தது.
என்ன சத்தம் என்று அவள் கேட்கவில்லை.
எப்போது என்றாள்.
குளிரில், நின்ற இடத்தில், என்றேன் உதடு தெரிய.
ஸ்டீயரிங்கை முழுக்க ஒடி. மாறுகிறதா?
இல்லை.
பெல்ட் மேல் தண்ணீர் தெளித்தாள். அடங்குகிறதா?
இல்லை.
கூந்தலைக் கம்பளித் தொப்பிக்குள் திணித்து,
கழுத்துத் துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டு,
நீளத் திருப்புளியின் மரப்பிடியைப்
பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு
குனிந்தாள்.

தண்ணீர்ப் பம்பின் உடம்பில் நுனியை வைத்தாள்.
இல்லையென்று கையாட்டினாள்.
ஸ்டீயரிங் பம்ப். கையாட்டினாள்.
ஆல்டர்னேட்டரில் வைத்துவிட்டு
நிமிராமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
அந்தப் பார்வைக்கு விலை எண்பதாயிரம்.

கடைசியாக,
யாரும் பெயர் சொல்லாத,
எதையும் ஓட்டாத,
பெல்ட் வளைந்து போக வழி விட்டுச்
சும்மா சுழன்றுகொண்டிருக்கும் சின்னக் கப்பி.
அதன் நடு போல்ட்டில் நுனி பட்டதும்
அவள் கன்னச் சதை அதிர்ந்தது.
கண்ணில் நீர் முட்டிவிட்டது.
பல் கூசுதுடா என்று சிரித்தாள்.
பிடியில் பல் தடம்.

எஞ்சினை அணைத்து, பெல்ட்டை உருவி,
சுற்று என்றாள்.
சுண்டினேன்.
கிரீஸ் வற்றிய பேரிங்
மணலை மென்றது.
பக்கவாட்டில் தொட்டால் ஆடியது,
விழப்போகும் பால்பல் மாதிரி.
மற்றவற்றையும் சுற்றிப் பார்த்தேன்,
ஒவ்வொன்றாக.
பழி சுமந்த எதுவும் முனகக்கூட இல்லை.

புதுக் கப்பி ஒன்பதாயிரம் பேசோ.
ரசீதை எலியேசரின் கதவிடுக்கில்
செருகலாமா என்று யோசித்தேன்.
அவருடைய பதினைந்தாம் நம்பர் ஸ்பானர்
இன்னும் என்னிடம் இருக்கிறது.

திங்கட்கிழமை, ஐந்தேகால்.
சாவி.
காற்று மட்டும்.
நாலு பேரும் ஏறினார்கள், கொட்டாவி விட்டார்கள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
இல்லாத சத்தத்தை
யார் காது கவனிக்கும்?

ஆலைக்குத் திரும்பும் வளைவில்
கடகட.

முதுகு சில்லிட்டது.
ஓரங்கட்டினேன், அணைத்தேன்,
மழைத்தூறலில் இறங்கிப் போய்
டிக்கியைத் திறந்தேன்.

சாக்கிலிருந்து நழுவி
ஸ்டெப்னியில் முட்டிக்கொண்டு கிடந்தது
பழைய ஆல்டர்னேட்டர்,
ஒரு குறையும் இல்லாதது.