நாற்பத்தோரு சென்ட்

தபால்பெட்டியில் இன்றும் ஓர் உறை.
கார்னெல் மறுபடி செத்திருக்கிறான்,
எந்த நாட்டிலோ, எந்தச் சேனலிலோ, நள்ளிரவுக்கு மேல்.
ஒரு மறுஒளிபரப்புக்கு நாற்பத்தோரு சென்ட்.
ஒட்டியிருக்கும் தபால்தலை அதைவிட விலை கூடுதல்.

தொண்ணூற்று மூன்றில் எடுத்தது.
"கறுப்பர், மெலிந்தவர், சற்றே நளினம்"
என்று விளம்பரம் கேட்டது. போனான்.
ஆஸ்பத்திரிக் கட்டில். உதட்டில் மேக்கப் வெடிப்பு.
வெள்ளைக்கார டாக்டர் ஒருத்தி அவன் கையைப் பிடித்து அழுவாள்,
அழுது முடித்து, முன்னைவிட நல்லவளாகி,
எழுந்து போவாள்.
கேமரா அவள் பின்னால் போய்விடும்.
கடைசியில் ஓடும் பட்டியலில் இவனுக்குப் பெயர்:
நோயாளி, படுக்கை ஆறு.

அந்த வருஷம் நாங்கள் நிஜமாகவே ஆறு பேரைப் புதைத்தோம்.
தெரோன் கடைசியாகக் கேட்டது என்ன தெரியுமா?
வறுத்த கெளுத்தி மீன்.
மேலே காரச் சாஸ், தயங்காமல், நிறைய.
ஒரு வாய்தான் இறங்கியது.
"உப்புப் பத்தவில்லை வெர்னன்" என்றான் என்னிடம்.
எந்தக் கதாசிரியனுக்கும் தோன்றாத வசனம்.

பிறகு சிரிப்புக் காலம்.
முடி அலங்காரக்காரன், பூக்கடைக்காரன்,
நாயகிக்குச் செருப்புத் தேர்ந்தெடுத்துத் தரும் தோழன்.
கதவைத் திறப்பான், இடுப்பில் கை வைப்பான், ஒரு வரி.
பதிவுசெய்த சிரிப்பு பொலபொலவென்று கொட்டும்.
மூன்று ஆண்டு. நாற்பத்திரண்டு எபிசோடு.
கார்னெல் ஒருமுறை கேட்டானாம்:
"ராத்திரி இவன் எங்கே போவான்?"
இயக்குநர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம்.
"போகமாட்டான். காட்சி முடிந்துவிடும்."

இங்கேதான் வருவான்.
இங்கிள்வுட், இரண்டாம் மாடி, விமானச் சத்தத்துக்கு நேர் கீழே.
கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நான் ஏறி வரும்போது
சோபாவில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருப்பான்,
எனக்கான தட்டை இன்னொரு தட்டால் மூடிவைத்துவிட்டு.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
அந்த நாட்களில் முடிவெட்டும் கடையில்
ஒருவன் எழுந்து அவனைப்போல் நடந்து காட்டினான்.
அதே இடுப்பு, அதே வரி.
கடை முழுக்கச் சிரித்தது.
கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன்.
பாதி முடியோடு இறங்கி ஓட முடியாது என்று
முப்பது வருஷமாக எனக்கு நானே சமாதானம்.
அவனிடம் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு பையன் கூப்பிட்டான்.
குவாமி, வயது இருபத்தாறு, முதல் படம்.
"நான் எப்போது சாகிறேன்?" என்று கேட்டான் கார்னெல்.
"சாகவில்லை சார். முட்டை பொரிக்கிறீர்கள்.
அவர் எதிரே உட்கார்ந்து கரண்ட் பில் பார்க்கிறார்."
"அப்புறம்?"
"சாப்பிடுகிறீர்கள்."

அன்றிலிருந்து தூக்கமில்லை அவனுக்கு.
விடியற்காலை நாலு மணிக்குச் சமையலறையில்
ஒத்திகை. ஒரு டஜன் முட்டை காலி.
எப்படி நின்றாலும் கை தானாக இடுப்புக்குப் போகிறது.
எடுத்துக் கீழே விடுகிறான். மறுபடி போகிறது.
அவர்கள் சொல்லித்தந்த கையா,
இவனிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டதா,
அவனுக்கே இப்போது மறந்துபோயிற்று.
"யாரும் பார்க்காதபோது நான் எப்படி நிற்பேன் வெர்னன்?"
முப்பத்தைந்து வருஷம் பார்த்த ஆள் நான்.
யோசித்தேன். சொல்லத் தெரியவில்லை.
நான் பார்த்ததெல்லாம் தட்டைத்தான்.

இன்று காலை உறையைப் பிரித்து மேசையில் வைத்தேன்.
திரும்பாமலே கேட்டான்: "எந்த ஊரில்?"
"போலந்து என்று நினைக்கிறேன்."
"குளிராக இருந்திருக்கும்" என்றான்,
ஒரு கையால் முட்டையைத் திருப்பிப் போட்டபடி.
இன்னொரு கை எங்கே இருந்தது என்று
நான் சொல்லவில்லை, அவனும் கவனிக்கவில்லை.

உப்பு மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.