விதி நான்கு

பகலில் மின்தூக்கிகளுக்கு வைத்தியம் பார்ப்பவள்.
செங்காங், பொங்கோல், சில நாள் ஹவ்காங்.
இரவில் மணல்தீவுக்குக் காவல்,
சம்பளமில்லை.
பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கேடயம்,
அவ்வளவுதான் சீருடை.

விளையாட்டு எளிது. கடலில் மண்ணைக் கொட்டித்
தீவு எழுப்ப வேண்டும், ஆட்களைக் குடியேற்ற வேண்டும்.
ஈப்போ முதல் ஈரோடு வரை
தமிழில் சண்டை போட்டுக்கொண்டு விளையாடுகிறோம்.
கொடுத்த தீவோடு யாருக்கும் திருப்தியில்லை.
ஒருவன் துரியான் மரம் செய்து போடுகிறான்,
ஒருத்தி நீர்நாய்க் குடும்பம்,
ஒரு குறும்பன் எல்லார் தலையிலும்
ரைஸ் குக்கரைக் கவிழ்த்துவிட்டான்.
இவற்றை மோட் என்போம்.
என்னையும் மோட் என்றுதான் அழைக்கிறார்கள்.
சேர்ப்பதற்கும் நீக்குபவளுக்கும் ஒரே பெயர்.

விளையாட்டின் சொந்த மழை தட்டை.
சாம்பல்கொக்கு என்பவர் செய்த மழைதான் மழை:
முதலில் காற்று திரும்பும்,
ஜன்னல்களில் துணிக்கம்புகள் உள்ளே போகும்,
ஒரு நொடி ஒன்றுமே இராது,
பிறகு கொட்டும்.
பதினான்கு மாதமாக அவரைக் காணோம்.

போன வியாழன் வந்த புதுப்பிப்பில்
மழை கீழிருந்து மேலே பெய்தது.
வெள்ளிக்கிழமை மீகோரெங்88 அதைச் சரிசெய்து
தன் பெயரில் ஏற்றினான்.
விதி நான்கு: பிறர் செய்ததை
அவர் அனுமதியின்றி ஏற்றக்கூடாது.
எழுதியவள் நான்தான்,
என் கோப்பிக் கடையை எவனோ திருடிய ஆத்திரத்தில்
இரவு இரண்டு மணிக்கு.
நீக்கினேன்.

டேய், உனக்கு வேற பொழப்பே இல்லையா.
அண்ணே, கொஞ்சம் மனசாட்சி வேணாமா.
எப்போதும் டேய்தான், அண்ணேதான்.
திருத்துவதில்லை.
ஒரு வசவை முழுதாகப் படித்து
அதன் எழுத்துப்பிழைகளை மனதுக்குள் திருத்திவிட்டு
மூன்று நாள் தடை விதித்தேன்.

தெம்பனீசிலிருந்து ஜுனைதா அழைத்தாள்.
அவளும் கேடயக்காரி, மடியில் குழந்தை சிணுங்கியது.
"ஆளே இல்லாம போயிருந்தா?
எங்க போய் கையெழுத்து வாங்கறது?"
விதி விதிதான் என்றேன்.
என் குரல் எனக்கே
நகர மன்றக் கடிதம் போலக் கேட்டது.

தூக்கம் வரவில்லை.
நின்றுபோன மின்தூக்கியின் கூரைமேல் ஏறி
டார்ச்சடித்துக் கம்பிகளைப் பார்ப்பதுபோல
மழையைத் திறந்து பார்த்தேன்.
ஆயிரத்து நூறு வரி.
துளியின் எடை, காற்றின் கோணம்,
தகரத்தில் விழும் ஒலி வேறு, சிமெண்டில் வேறு.
எழுநூற்றுச் சொச்சமாவது வரியில்
கணினி படிக்காமல் தாண்டிப் போகும் இடத்தில், தமிழில்:

'இது உடையும். எல்லாப் புதுப்பிப்பும் எதையாவது உடைக்கும்.
நான் இல்லாவிட்டால் யாராவது சரிசெய்துகொள்ளுங்கள்.
தவளையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.
யீஷூன் லோங்காங்கில்
முட்டிவரை நனைந்து பிடித்த குரல்.'

கொக்கு, தவளைக்காகப் பரிந்து பேசுகிறது!
தனியாகச் சிரித்தேன்.
பிறகு சிரிக்க முடியவில்லை.

நாலு மணிக்கு மீகோரெங்கின் மழையைத் திருப்பி வைத்தேன்.
மூன்று வரியில் மன்னிப்பு,
'தவறு செய்தவள் நான்' என்று முடித்து.
அந்த 'ள்' யார் கண்ணிலும் படவில்லை.
பரவால்லண்ணே, என்றான் அவன்.

விதி நான்கில் ஒரு வரி சேர்க்கலாமென்று திறந்தேன்.
எத்தனை மாதம் பேசாவிட்டால்
ஒருவர் இல்லை என்று ஆகும்?
பன்னிரண்டு என்று அடித்தேன், அழித்தேன்.
இருபத்துநான்கு. அழித்தேன்.

ஆறரைக்கு முதல் அழைப்பு.
பொங்கோலில், பதினொன்றாம் மாடிக்கும்
பன்னிரண்டுக்கும் நடுவே ஒன்று நிற்கிறதாம்.
ரயிலில் இடம் கிடைத்தது. கைப்பேசியில் புதுப் புகார்:
'மழை ஓகே. அந்தத் தவளைச் சத்தம் தாங்கல.
தயவுசெஞ்சு எடுத்துடுங்க.'

புவாங்கோக் தாண்டும்வரை
பெருவிரலை அதன்மேலேயே வைத்திருந்தேன்.