ஒட்டுண்ணி அலை

ஏழு புள்ளி பூஜ்ஜியம் இரண்டு மெகாஹெர்ட்ஸில்
நான் சொல்லிக்கொண்டிருந்தது என் அழைப்புக்குறியை மட்டும்தான்.
ஐந்து வாட். பிஸ்கட் டின்னுக்குள் நானே பற்றவைத்தது.
அப்புத்தளை இடுக்கில் மூடுபனி ஏறுகிற நேரம்.
யூகலிப்டஸ் கிளையில் கட்டிய கம்பி
சொட்டிக்கொண்டிருந்தது.

காம்பராச் சுவருக்கு அந்தப் பக்கம்
தவமலர் அக்கா மரண அறிவித்தல் கேட்டுக்கொண்டிருந்தார்.

லுணுகலையைப் பிறப்பிடமாகவும்
கீ கீக் கீ
வசிப்பிடமாகவும் கொண்ட
கீக் கீ கீக் கீ
அன்னார் காலஞ்சென்ற
கீ
அன்பு மகனும்

சுவரில் தட்டினார்.
"தம்பி, ஒங்க பொட்டியா இது?"
"இல்லக்கா, பெக்டரி மோட்டரா இருக்கும்."
அந்த மோட்டர்களுக்கு எண்ணெய் போடுகிறவனே நான்தான்.
எதிர்த்துப் பேசாதவற்றின் மேல் பழி போடுவது சுலபம்.
"லுணுகலையில எங்க ஆளுக இருக்காங்க" என்றார்,
என்னிடமில்லை, ரேடியோவிடம்.

அன்றிரவு வடிகட்டியைப் பிரித்தேன்.
மூன்று மஞ்சள் வளையங்கள். சுற்றுகளை மறுபடி எண்ணினேன்.
ஒன்றில் ஒரு சுற்று குறைவு, அசட்டுத்தனம்.
சரிசெய்ததும் லேப்டாப் திரையில்
பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு எல்லாம்
வெட்டிய புல்லாகப் படுத்துவிட்டன.
தொண்ணூற்றேழுக்கு மேலே ஒன்று மட்டும் நின்றது.
ஏழு புள்ளி பூஜ்ஜியம் இரண்டின் பதினாலாம் மடங்கு
தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு எட்டு.
தாளில் மூன்று தரம் பெருக்கிப் பார்த்தேன்.
இது அந்தக் குடும்பத்துப் பிள்ளை இல்லை.

மோட்டர்சைக்கிள் பாட்டரியில் ஓட்டினேன். இருந்தது.
அன்டெனாவைக் கழற்றி
பால்மா டின்னில் தேங்காய் எண்ணெய்க்குள் முக்கிய
ஐம்பது ஓம்ஸை மாட்டினேன். இருந்தது.
மூடியை இறுக்கினேன்.
குனிந்ததே தவிர, போகவில்லை.

வெள்ளிக்கிழமை வெட்கத்தை விட்டுக் கேட்டேன்,
"அக்கா, ஒங்க ரேடியோவ ஒரு நாளைக்குத் தர்றீங்களா?"
ஏனென்று கேட்கவில்லை.
"பாட்டரி புதுசு. பாத்துப் பாவிங்க."

மேசையில் அந்தச் சிவப்பு ரேடியோ,
பக்கத்தில் வயிறு திறந்த என் பெட்டி.
கீயை அமுக்கினால் அறிவிப்பாளர் ஊமையாகிறார்.
அமுக்கியபடியே விரலைக் கிட்டே கொண்டுபோனேன்.
நகர்ந்தது.
கூச்சப்படுகிற பிள்ளை போல
தொண்ணூற்றேழிலிருந்து நழுவி
தொண்ணூற்றாறரைக்குப் போய் ஒளிந்தது.

மடங்குகள் கைக்குப் பயப்படாது.
இது தானாகப் பாடுகிற ஒன்று.

பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டேன்.
கடைசி டிரான்சிஸ்டரில் பிடிபட்டது:
வாயிலுக்கு நான் விட்டிருந்த கம்பி,
ஹீட்சிங்கை மடக்க வசதியாக இருக்கட்டுமென்று
மூன்று விரல் நீளம்.
நாற்பது மீட்டருக்கு அது வெறும் கம்பி.
மூன்று மீட்டருக்கு அது ஒரு சுருள்,
ஒரு தொண்டை.
நான் என் பெயரைச் சொன்ன போதெல்லாம்
அது இன்னொன்றைச் சொல்லியிருக்கிறது, எனக்குக் கேட்காமல்.

வெட்டினேன். நகக்கண் அளவு மிச்சம் வைத்துப் பற்றவைத்தேன்.
மிளகளவு ஃபெரைட் மணி ஒன்று,
பத்து ஓம்ஸ் ஒன்று.
கீயை அமுக்கினேன்.
நாளைய மின்வெட்டு நேரங்களை ரேடியோ
ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தது.

சனிக்கிழமை ரேடியோவைக் கொடுக்கப் போனேன்.
"அக்கா, அது மோட்டர் இல்ல."

லுணுகலையிலிருந்து போன் வந்திருந்ததாம்.
அவர் மாமா முறை, அங்கமுத்து.
"வியாழக்கெழமயே எடுத்துட்டாங்க.
நாம போகலன்னு ஒரு பேச்சு."
பேசிக்கொண்டே தேயிலைக் கறை விரலால்
ரேடியோ முதுகைத் துடைத்தார்,
நான் ஏற்கெனவே துடைத்திருந்தேன்.

"போயி அமுக்குங்க" என்றார்.
"அக்கா?"
"அறிவித்தல் போற நேரம். அமுக்குங்க, பாப்போம்."

சுவருக்கு இந்தப் பக்கம் வந்து அமுக்கினேன்.
கல்முனையைப் பிறப்பிடமாகவும்
கல்முனையையே வசிப்பிடமாகவும் கொண்ட
எங்கள் இருவருக்கும் யாரென்று தெரியாத ஒருவர்.
மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், மருமக்கள்,
தகனம் எத்தனை மணிக்கு என்பது வரை.
சுவர் தட்டப்படவில்லை.
உற்றார், உறவினர், நண்பர்கள்
ஏற்றுக்கொள்ளவும் என்று முடியும் வரை
விரலை எடுக்காமல் இருந்தேன்.
பால்மா டின்னில்
எண்ணெய் சூடேறிக்கொண்டிருந்தது.