ஒன்றுக்கு ஒன்றரை

ஏழு நிமிடம் வரை கணக்கில் இல்லை.
எட்டாவது நிமிடம் பிறந்தால்
கால் மணி என்று ஏற வேண்டும்.
விதியை எழுதியவள் நான் அல்ல,
ஏற்றுகிறவள்.

சுப்பீரியர் ஏரியின் தென்கரையில்
நவம்பரில் வந்து இறங்கும் பனி
ஏப்ரலிலும் போக மனமில்லாமல்
சாலையோரம் கறுத்துக் கிடக்கும்.
அதை வாரித் தள்ளும் பதினொரு லாரிகள்,
பதினொரு பேர்,
அவர்களுடைய அட்டைகள்
வெள்ளி மாலை என் மேசையில்.
உப்பின் வாசம் அடிக்கும்.

வாரம் நாற்பது மணியைத் தாண்டினால்
ஒன்றுக்கு ஒன்றரை.
பணமாக அல்ல, விடுப்பாக.
"பட்ஜெட்டில் காசு கிடையாது,
நேரம் வேண்டுமானால் தருகிறேன்"
என்பார் கண்காணிப்பாளர் ட்ரெம்ப்ளே,
நேரம் என்னவோ
அவர் வீட்டுப் பின்கட்டில் காய்ப்பது போல.

ரெய்னோ கங்காஸ் கணக்கில்
ஜனவரி முடிவில் இருநூற்றுப் பத்து மணி.
இருநூற்று நாற்பது உச்சவரம்பு.
அதற்கு மேல் ஒரு மணி கூடினாலும்
காசாக எண்ணித் தர வேண்டும்.
அந்த எண்ணை நெருங்கும் பெயர்களை
மஞ்சள் பூசி வைப்பதும் என் வேலை.

பிப்ரவரியில் அவர் படிவம் வந்தது.
மூன்று நாள். இருபத்துநான்கு மணி.
காரணம் எழுத வேண்டிய அவசியமில்லை,
எழுதியிருந்தார்:
"தம்பி ஆர்வோ. புதன் காலை எட்டுக்கு
ஜாக்சன் சிறையிலிருந்து விடுகிறார்கள்.
வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும்."
பதினோரு வருடமாம்.
நான் கேட்கவில்லை,
அவராகச் சொன்னார்,
சொல்லிவிட்டுத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ட்ரெம்ப்ளே வானிலையைப் பார்த்தார்.
"மறுக்கப்பட்டது. பனி."
இரண்டு சொல்.
சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது,
தேடிப் பார்த்தேன்.

ஆர்வோ பேருந்தில் வந்தான்.
ஒரு பகல், ஓர் இரவு, நடுவில் ஒரு மாற்றம்.
அவன் வந்த சாலையை அன்று வழித்தது யார் என்று
பதிவேட்டைப் புரட்டினேன்.
ரெய்னோவாக இருந்திருந்தால்
கதைக்கு நன்றாக இருந்திருக்கும்.
இல்லை. ஜோலீன் பெசோனன்.
அவளுக்கும் ஆறு மணி ஓவர்டைம்,
ஒன்பதாக ஏற்றினேன்.
ரெய்னோ அந்நேரம் வடக்கே,
யாரும் போகாத கலங்கரை விளக்கச் சாலையில்.

ஏப்ரல்.
சேறு மட்டும் மிச்சம்.
ரெய்னோவின் பெயர் மஞ்சளில்:
இருநூற்று முப்பத்தேழு.
இப்போது ஆணை மேலேயிருந்து வருகிறது:
கங்காஸ் திங்கள் முதல் புதன் வரை
கட்டாயம் விடுப்பில் போகட்டும்.
இதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கவுன்டருக்கு வந்தார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று,
கோபமே இல்லாமல்,
ஏதோ கடையில் சட்டையின் அளவு மாற்றுகிறவர் போல
கேட்டார்:
"இதற்குப் பதிலாக
அந்த பிப்ரவரிப் புதன்கிழமையை
எடுத்துக்கொள்ளலாமா?"

தேதிக் கட்டம் பின்னோக்கிப் போகாது.
விசையைத் தட்டிக் காட்டினேன்.
அது சிவந்தது.
நானும்தான்.

அவர் போன பிறகு
செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன்.
அவருடைய அட்டைகளை எல்லாம் எடுத்தேன்.
கடந்த கோடையிலிருந்து
நாள் தவறாமல் நான்கு ஏழு.
நான்கு மணிக்கு முடியும் வேலை,
ஏழு நிமிடம் கழித்துக் குத்திய அட்டை.
புயல் இரவுகளை விட்டுவிட்டால்
இருநூற்று மூன்று நாள்.
ஏழால் பெருக்கினேன், தாளின் பின்புறம், பென்சிலால்.
இருபத்துமூன்று மணி நாற்பத்தொரு நிமிடம்.
அவர் கேட்ட மூன்று நாளுக்கு
பத்தொன்பது நிமிடம்தான் குறைவு.

இதை எங்கே அனுப்புவது?
அதற்கென்று ஒரு படிவம் இல்லை.

வியாழன் திரும்பி வந்தார்.
லாரியில் பக்கத்து இருக்கை காலி.
தம்பி எப்படி என்று கேட்கத்தான் நினைத்தேன்,
"ஏன் தினமும் நான்கு ஏழு?" என்று வந்துவிட்டது.

"கை கழுவ," என்றார்.
"உப்பு. சீக்கிரம் போகாது."