பத்து நிமிடம்

சங்கத்தின் கடிதம் வந்திருக்கிறது:
ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம்,
அறிவியல்நகரிலிருந்து போய்வர பஸ் காசு,
இரவுக்கு ஓர் அறை.

எங்களிடம் கருவி இல்லை.
விசுவமடுக் கத்தரித் தோட்டத்து மண்ணை
போத்தலில் அடைத்து அனுப்பினேன்.
திணிவு நிறமாலைமானியில்
ஒரு பின்னேரம் ஒதுக்கித் தந்தார்கள்.

தாளில் ஒற்றைக் கோடு எழும்பி நிற்கிறது:
இருநூற்று இருபத்தேழு.
வெடிமருந்தின் எடை.
இத்தனை மாரி கழுவியும் போகாதது.

"போத்தல் அழுக்காயிருக்கலாமே?"
யாரேனும் எழுந்து கேட்பார்கள்.
கேட்கத்தான் வேண்டும், அதற்குத்தானே சங்கம்.
வெறும் போத்தலையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. சுத்தம்.

தோட்டக்காரி பரமநிதி கேட்டது வேறு:
"அப்ப காயை விக்கலாமோ, பிள்ளை?"

இரண்டு கிலோ
வாங்கிக்கொண்டு வந்தேன்.
இன்னும் சமைக்கவில்லை.