படிவம் 143

தாள் ஒன்றுக்கு அறுபது ரூபாய் என்று பேச்சு.
சித்திரைப்பேட்டையில் பஸ் என்னை இறக்கிவிட்டபோது
மணி பதினொன்று.
சிப்காட் பக்கமிருந்து அழுகிய முட்டை வாசம்,
காற்று திரும்பினால் கருவாட்டு வாசம்.
இரண்டுக்கும் படிவத்தில் கேள்வி இல்லை.

அஞ்சலாட்சி நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே பேசினாள்.
வயது?
"நாப்பத்தி ரெண்டுன்னு போட்டுக்க.
போன தடவ வந்த பொண்ணு முப்பத்தெட்டுன்னு போட்டுச்சு."
எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் இதுவரை?
விரல் மடக்கினாள். சுனாமிக்கு நாலு,
தானே புயலுக்கு மூணு, கக்கூஸுக்கு ரெண்டு,
அப்புறம் ஒரு வெள்ளைக்காரம்மா,
எதுக்குன்னு தெரியல,
நல்லா அழுதுச்சு.

இருபத்தாறாம் கேள்வி.
குழுவில் சேர்ந்தபின் உங்கள் தன்னம்பிக்கை:
மிகவும் அதிகரித்துள்ளது, அதிகரித்துள்ளது,
ஓரளவு அதிகரித்துள்ளது, மாற்றமில்லை.
மீன் புரட்டிய கை நின்றது.
"எறங்கிப் போயிருந்தா எங்க டிக் போடுவ?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் ஏதோ அச்சாகியிருக்கும் என்பதுபோல.

அவள்தான் குழுத் தலைவி. பன்னிரண்டு பேர்.
பவுனாம்பாவும் அவள் நாத்தனாரும்
ஒரு ராத்திரி பாத்திரம் பண்டத்தோடு
கேரளாவுக்கோ எங்கேயோ போய்விட்டார்கள்.
மீதிப் பத்துப் பேர்தான் அவர்கள் தவணையையும் கட்டுவது.
செவ்வாய்க்கிழமை வசூலுக்கு வரும் பையன் சத்தம் போடமாட்டான்,
தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பான்,
முழுப்பணம் சேரும்வரை எழுந்திருக்க மாட்டான்.
"அவனுக்கு நான் பயப்படல.
இவளுங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாளுங்க, அதான்."
எல்லையம்மன் கோயில் வழியே போனால்
ஏலம் நடக்கும் இடம் பத்து நிமிடம்.
இப்போது அவள் சுடுகாட்டை ஒட்டி மணலில் நடக்கிறாள்.
அந்தப் பக்கம் குழுவில் யாருக்கும் வீடில்லை.

மாற்றமில்லைக்குக் கீழே
பேனாவால் நானே ஒரு கட்டம் வரைந்தேன், கோணலாக.
டிக் போட்டாள். அழுத்திப் போட்டாள்.

அடுத்த தாள் ஒப்புதல் கடிதம்.
தகவல்கள் இரகசியமாக வைக்கப்படும்,
விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்,
இங்கே கையெழுத்து.
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.
பேனாவை வாங்கவில்லை.
"இதுல போட்டா யாரு கடன் தம்பி என் தலையில வரும்?"
கடன் இல்லக்கா, ஆராய்ச்சி.
"அவங்களும் கடன்னு சொல்லல.
வளர்ச்சின்னாங்க."

லாஸ்பேட்டை அலுவலகத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
கையெழுத்தில்லாததைக் கணக்கில் எடுக்க முடியாது
என்றார் பேராசிரியர், அன்பாகத்தான்.
விதியே அந்தம்மாவின் பாதுகாப்புக்குத்தானே.
இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதினொன்றானது.
தன்னம்பிக்கை கூடியவர்கள் சதவீதம்
புள்ளி நான்கு ஏறியது.
எனக்கு அந்த அறுபது ரூபாயும் வரவில்லை.
இதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

ஒப்புதல் கடிதம் இன்னும் என் பையில் இருக்கிறது.
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்
பெயர் எழுத வேண்டிய கோட்டுக்கு மேலே
மையில்லாமல் பதிந்திருக்கிறது
ஒரு டிக்.